தூசி எங்களுக்கு, பெடல் அவர்களுக்கு

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரித் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேசாத ஆள் இங்கே கிடையாது. வறண்ட பூமி, மழை இல்லை, கிணறு வத்திப் போச்சு, ஆனாலும் சனம் உழைச்சு லாரி ஓட்டுச்சு, பாடி கட்டுச்சு, ரிக் வண்டியைக் கொண்டு போய் இந்தியா பூராவும் போர் போட்டுச்சு என்று மேடையில் சொல்வார்கள். சொல்லட்டும். பொய் இல்லை. ஆனால் அந்தப் பட்டறைகளுக்குள்ளே எந்த வேலை எந்தச் சாதிக்காரன் கைக்குப் போச்சு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இன்ஜினை யார் பிரித்தார்கள், வயரிங் யார் பார்த்தார்கள், பிரேக் லைனிங் யார் கட்டினார்கள்? நான் பிரேக் வேலைக்காரன். 1987லிருந்து அதே வேலை. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போன மாசம் என் சொந்தக் காருக்கு முன்சக்கர டிஸ்க்கும் பேடும் மாற்றினேன். 2004ஆம் வருசத்து ஆல்டோ. மூன்றாவது ஆளாக நான் வாங்கினது. இந்த மாதிரிச் சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்க்கின் மேல் அமுக்கும். அதே நேரம் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கத்துப் பேடை இழுத்து அமுக்கும். இரண்டு பக்கமும் கவ்வினால்தான் பிடிப்பு. பின்னில் கிரீஸ் காய்ந்து துருவேறி இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, உள்பேடு மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

என் வண்டியில் நடந்தது அதுதான். வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. அப்புறம் இடது சக்கரத்தில் இரும்பு உரசுகிற சத்தம். கழற்றிப் பார்த்தால் வெளிப்பேடில் லைனிங் பாதிக்கு மேல் இருக்கிறது, உள்பேடில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு. அந்தத் தகடு டிஸ்க்கை ஏர் ஓட்டின மாதிரி உழுதிருந்தது. டிஸ்க்கின் வெளி விளிம்பில் வரப்பு கட்டியிருந்தது. இந்த வரப்பு ஏமாற்றும். வெர்னியரை விளிம்பில் வைத்து அளந்தால் டிஸ்க் இன்னும் கனமாக இருப்பதாகக் காட்டும். வரப்பைத் தாண்டி, பேடு உரசுகிற இடத்தில் அளக்க வேண்டும். இதற்குக் கீழே தேய்ந்தால் போடக்கூடாது என்று கம்பெனிக்காரனே ஓர் அளவை டிஸ்க்கில் குத்தி வைத்திருப்பான். என்னுடையது அதற்கும் கீழே போயிருந்தது. கனம் இருந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடித்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். கனம் இல்லாத டிஸ்க் சூட்டைத் தாங்காது. மாற்றத்தான் வேணும். இடது மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றணும், இல்லாவிட்டால் பிடிப்பு ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

வீலைக் கழற்றினதும் காலிப்பர் பூராவும் கறுப்புத் தூசி. என்னிடம் வேலை பழகுகிற தம்பி கம்ப்ரசர் டியூபை எடுத்தான். எல்லா ஷெட்டிலும் அதுதான் வழக்கம். காற்றைப் பிடித்தால் ஒரே நொடியில் சுத்தமாகிவிடும், தூசி புகை மாதிரிக் கிளம்பும். "வெச்சுரு தம்பி, தண்ணி எடு" என்றேன். என் ஷெட்டில் பிரேக் தூசிக்குக் காற்றுப் பிடிப்பது கிடையாது. சோப்புத் தண்ணியைத் தெளித்து ஊற விட்டு, துணியால் வழித்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித் தனியாகப் போட வேண்டும். மூக்குக்கு மாஸ்க் போட வேண்டும். கொரோனாவுக்கு முன்னால் இந்த மாஸ்க்குக்காக நான் சேலம் வரைக்கும் போனது உண்டு. இப்போது மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. தம்பி புது ஆள். ஏனுங்கண்ணா என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா தோல் வேலைக்காரர். கிணத்தில் கவலை இறைத்த காலத்தில் சாலுக்கு அடியில் தொங்குகிற தோல்வாலைத் தைத்துக் கொடுப்பார். ஊரில் அத்தனை காட்டுக்கும் தண்ணி பாய்ந்தது அந்தத் தோல் வழியாகத்தான். செருப்புத் தைப்பார். தைத்த செருப்பை ஊர்த் தெருவில் போட்டு நடக்க மாட்டார், கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். கரண்டு மோட்டார் வந்தது, கவலை போச்சு, தோல் வேலையும் போச்சு. எங்கப்பன் பண்ணையத்துக்குப் போனார். நான் எட்டாவதோடு நின்று லாரிப் பட்டறைக்குப் போனேன். பண்ணாடியிடம் கைகட்டி நிற்பதற்குப் பட்டறை பரவாயில்லை என்று எங்கம்மா நினைத்தது. இரும்புக்குச் சாதி இல்லை என்று யாரோ அதற்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பட்டறையில் பையன்கள் பதினோரு பேர். எங்கள் வளவிலிருந்து போனவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் முதல் நாளே பிரேக் லைனிங் வேலை. முதலாளியின் சொந்தக்காரப் பையன்கள் இன்ஜினுக்குப் போனார்கள், பம்ப் வேலைக்குப் போனார்கள், கொஞ்ச நாளில் தனிப் பட்டறை போட்டார்கள். எங்களுக்கு லைனிங். லாரிக்கு நாலு பக்கமும் டிரம். பிரேக் ஷூவில் தேய்ந்த லைனிங்கை ரிவிட் உடைத்து எடுக்க வேண்டும். புது லைனிங்கைத் துளை போட்டு ரிவிட் அடிக்க வேண்டும். டிரம்முக்குள் சரியாக உட்காரும் வரை அரத்தால் ராவி, எமரி போட வேண்டும். டிரம்முக்குள் சேர்ந்திருக்கிற தூசியைக் காற்றடித்து ஊத வேண்டும். சாயங்காலம் நாங்கள் வெளியே வந்தால் மாவு மில்லிலிருந்து வருகிற ஆள் மாதிரி இருப்போம், மாவு மட்டும் கறுப்பு. டீ வந்தால் எங்கள் நாலு பேருக்கும் தனி கிளாஸ். அது கம்ப்ரசருக்குப் பக்கத்துத் திண்டில் இருக்கும். டீ ஊற்றுகிறதற்கு முன்னால் கிளாசிலிருக்கிற தூசியை வாயால் ஊதிவிட்டு நீட்டுவோம்.

ஒரு தடவை சேலத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக் முதலாளியிடம் கேட்டார், என்னங்க சின்னப் பசங்க இந்தத் தூசியில நிக்கறானுங்க என்று. முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னதை நான் ரிவிட் அடித்துக்கொண்டே கேட்டேன். "தோலு நாத்தத்துல பொறந்தவனுகளுக்குத் தூசி என்னுங்க பண்ணும்?"

அந்தத் தூசியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய ரொம்ப வருசம் ஆச்சு. அன்றைக்கு வந்த லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது கல்லிலிருந்து எடுக்கிற நார். தீயில் எரியாது, சூட்டைத் தாங்கும், விலை குறைவு. அதனால்தான் பிரேக்கில் போட்டார்கள். ராவும்போது கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக உடையும். மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உடனே ஒன்றும் செய்யாது. பத்து, இருபது, நாற்பது வருசம் கழித்தும் நோயாக வரும். நுரையீரல் இறுகும், புற்றுநோய் வரும். உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பெஸ்டாசின் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலிருந்து மொத்தமாகத் தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாசுக்கு முழுத் தடை வரவில்லை, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆகிறது. இன்றைக்கு நல்ல கம்பெனிப் பேடு டப்பாக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சடித்திருக்கும். பேரில்லாத டப்பாவில் வருகிற மலிவுப் பேடில் எதுவுமே எழுதியிருக்காது. நான் அதை வாங்குவதில்லை. பாதி விலைக்குக் கிடைக்குதே என்று வாடிக்கைக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். வேற ஷெட்டுக்குப் போங்க என்பேன்.

தோழர்களே, 1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி, அவரும் தலித் சமூகத்திலிருந்து போனவர். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருசமோ, வேலையை விட்டு 15 வருசமோ, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்கணும் என்று உத்தரவு. நோய் உறுதியானால் 1 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஒரு வக்கீல் தோழர் அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்க நல்லாத்தான் இருந்தது. 40 வருசம் ஏடு வைப்பதென்றால் முதலில் ஏட்டில் பேர் இருக்கணும். எங்கள் நாலு பேரின் பேர் எந்த ஏட்டில் இருந்தது? சனிக்கிழமை கூலி கொடுக்கிறபோது ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் "லைனிங் 4" என்று எழுதிக் கூலியைப் போடுவார் முதலாளி. அவ்வளவுதான் எங்கள் பதிவு.

எனக்கு லைனிங் கட்டச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் வளவுக்காரர். எனக்கு மாமன் முறை. எல்லாரும் லைனிங் மாமா என்போம். ரிவிட் அடித்தால் ஒரே அடி, லைனிங்கில் விரிசல் விழாது. டிரம்மைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லுவார். 2006இல் செத்துப்போனார். இரண்டு வருசம் இருமல். ஆஸ்பத்திரியில் டிபி என்றார்கள். ஆறு மாசம் மாத்திரை தின்றார். சரியாகவில்லை. மறுபடியும் டிபி என்றார்கள். என்ன வேலை செய்தீங்க என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. தூசி வேலை செய்தவர்களுக்கு வருகிற நுரையீரல் நோயை டிபி என்று எழுதிவிடுவது பல இடங்களில் நடந்திருக்கிறது. மாமாவுக்கு வந்தது எது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சொல்வதற்கு ஒரு காகிதம் கூட யாரும் விட்டுவைக்கவில்லை.

தூசியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாக ஆகும். பெடல் கதை இருக்கிறது.

பிரேக் வேலையில் கையால் செய்வது ஒரு பாதி, காலால் தெரிந்துகொள்வது இன்னொரு பாதி. எல்லாம் மாட்டி முடித்த பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால்தான் வேலை தெரியும். பஞ்சு மாதிரி அமுங்கினால் பைப்பில் காற்று இருக்கிறது. மிதித்து வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஆயில் எங்கோ கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போய்விட்டது. பாதத்தில் துடிப்பு தெரிந்தால் டிஸ்க் ஒரே சமமாக இல்லை. இதை வார்த்தையால் சொல்லிக் கொடுக்க முடியாது, கால்தான் படிக்கணும். எங்கள் காலைப் பெடலில் வைக்க விட்டதில்லை.

பட்டறைக்குக் காரும் வரும். இந்தப் பக்கம் நாங்கள் டிஸ்க் பிரேக்கைப் பார்த்ததே மாருதி வந்த பிறகுதான். சீட்டில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்கள். பேடு மாற்றுவது நான், ஆயில் மாற்றுவது நான். காற்று எடுக்கும்போது பெடலை மிதிக்க முதலாளியின் அக்கா மகன் வருவான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். அவனை வாங்க போங்க என்றுதான் கூப்பிடணும், அவன் என்னை "பிரேக்கு" என்று கூப்பிடுவான். எனக்குப் பேர் இருப்பது அந்தப் பட்டறையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு "அமுக்குங்க... புடிச்சுக்கங்க... விடுங்க" என்பேன். அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டே மிதிப்பான். நான் பிடி என்றபோது விட்டுவிடுவான், பைப்புக்குள் மறுபடி காற்றுப் போகும், மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்து ட்ரையல் ஓட்டுவதும் அவன்தான். திரும்பி வந்து "நல்லாருக்கு" என்பான். எப்படி நல்லாருக்கு, பெடல் எத்தனை இன்ச்சில் பிடிக்குது, எந்தப் பக்கமாவது இழுக்குதா என்று கேட்டால் பதில் இருக்காது. ஒருநாள் நான் ஏறி மிதிச்சுப் பார்க்கட்டுங்களா என்று கேட்டேன். காரின் சொந்தக்காரர் அங்கேயே நின்றார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். அவர், "எதுக்குங்க, சீட்டெல்லாம் அழுக்காவும்" என்றார். அக்கா மகனின் பேண்ட்டிலும் அதே கிரீஸ்தான் இருந்தது.

அந்த ஆள் பெண்டாட்டி பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வருவார். அவர் உயிர் நான் முடுக்கின போல்ட்டில் தொங்கும். அதில் தீட்டு இல்லை. சாதி ஒழிப்பு நூலில் அம்பேத்கர் வேலைப் பிரிவினையைப் பற்றி எழுதியிருப்பதைப் பின்னால் படித்தபோது எனக்குப் புதுசாக இல்லை. வருசம் 1936 என்று போட்டிருந்ததுதான் ஆச்சரியம்.

நான் முதன்முதலில் பிரேக் பெடலை மிதித்தது 1991இல், அம்பேத்கர் நூற்றாண்டு வருசம். கூட்டத்துக்குப் போக இயக்கத் தோழர்கள் ஒரு பழைய மெட்டடார் வேனைப் பிடித்தார்கள். பிரேக் சுத்தமாக இல்லை. எங்கள் வளவுக்கே கொண்டுவந்தார்கள். ஓர் இரவு பூராவும் லாந்தர் வெளிச்சத்தில் லைனிங் கட்டி மாட்டினேன். விடிகாலையில் டிரைவர் தோழர் கதவைத் திறந்து, "நீயே ஏறி மிதிச்சுப் பாரப்பா, நீதான போட்ட" என்றார். ஏறினேன். நாலு வருசமாக மாட்டின பிரேக் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் என் கால் தெரிந்துகொண்டது. கல் மாதிரி நின்றது பெடல். பத்துத் தடவை மிதித்திருப்பேன். "போதும்பா, கூட்டத்துக்குப் போகணும்" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது.

ஆல்டோவுக்கு வருகிறேன். தூசியைக் கழுவின பிறகு காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டோம். ரப்பர் ஹோஸ் எடை தாங்கக் கூடாது, உள்ளே பிய்ந்துவிடும், வெளியே தெரியாது. பழைய டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தம்பி சுத்தியலைத் தேடினான். அடிக்கத் தேவையில்லை, டிஸ்க்கிலேயே மரை போட்ட இரண்டு துளை இருக்கும். 8 எம்எம் போல்ட் இரண்டை அதில் விட்டு மாற்றி மாற்றி முடுக்கினால் தானாகவே தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலான ஷெட்டில் சுத்தியலால் அடித்துப் பேரிங்கைக் கெடுப்பார்கள். அப்புறம் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னேன். அங்கே ஒரு பொடித் துரு இருந்தாலும் புது டிஸ்க் சாய்ந்து உட்காரும், இரண்டு மாசத்தில் ஸ்டியரிங் மறுபடி நடுங்கும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும், அதையும் துடைத்தெடுக்கணும். பின்களைக் கழற்றி, துருவை எடுத்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் வைத்தோம். சாதாக் கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது காற்று எடுக்கிற நிப்பிளைத் திறந்து கறுத்த ஆயிலைப் பாட்டிலில் விட்டோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் காலியாகப் போகும். இரண்டு வருசத்துக்கு ஒருதரம் மாற்றணும்.

காற்று எடுக்கும்போது அடியில் படுத்தது நான். மேலே உட்கார்ந்து பெடலை மிதித்தது தம்பி. "அமுக்கு... புடிச்சுக்க... விடு." அவன் சொன்னபடி பிடித்தான். வலது பக்கம் முடிந்ததும் அவனாகவே, "அண்ணா, மொதல்ல மெத்துன்னு இருந்துச்சுங்க, இப்ப கெட்டியா ஆயிருச்சுங்க" என்றான்.

எல்லாம் முடுக்கி, வீல் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கி, வண்டியைக் கீழே இறக்கி, நகர்த்துவதற்கு முன்னால் பெடலை நாலைந்து தடவை மிதித்தோம். புதுப் பேடு போட்டால் முதல் மிதி தரை வரைக்கும் போகும், பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடணும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவத்தில் மோதின வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ட்ரையலுக்குத் தம்பியையே ஓட்டச் சொன்னேன். லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆகிறது. அவன் துணியை எடுத்துச் சீட்டில் விரிக்கப் போனான். வேண்டாம், அப்படியே உக்காரு என்றேன். புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகணும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் முரட்டுப் பிரேக் பிடிக்கக் கூடாது. அறுபதிலிருந்து மெல்லப் பிடித்து இருபதுக்கு இறக்கு, விடு, கொஞ்ச தூரம் ஆற விடு, மறுபடி பிடி என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பைபாசில் நாலாவது தடவை பிடிக்கும்போது கேட்டான்.

"அண்ணா, லேசா எடது பக்கம் இழுக்குதுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருக்கிறவனுக்கு அது தெரியாது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, முதலில் டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தோம். இரண்டும் ஒரே சூடு. அப்புறம் அவன் இடது டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். காற்று குறைவாக இருந்தது.